சிவப்பு எழுத்து வந்தால்தான் பதிவாகிறது

தம்பி,

நீ கேட்டது பத்து விநாடி. அம்மா சிரிக்கிற மாதிரி பத்து விநாடி வீடியோ இருந்தால் போதும், கல்யாண மண்டபத்து எல்இடி திரையில் போட்டுக்கொள்கிறேன் என்று போன ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னாய். தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். தேடுவதற்கு ஒன்றும் இல்லை. ஒரு வருஷமாக அந்தக் கேமரா கார்டு பீரோவில், உன் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் வைத்திருக்கிற கவரில்தான் இருக்கிறது. அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது எனக்கு மனப்பாடம். கார்டு கெட்டுப்போய்விட்டது என்று உன்னிடம் சொன்னது பொய். அது நன்றாக இருக்கிறது. ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு இந்தக் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறேன். கேமராவும் சார்ஜரும் ஸ்டாண்டும் தனிப் பார்சலில் வரும்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம் என்பாய். நம் போன் பேச்சு உனக்கே தெரியும். சாப்பிட்டியா, அங்கே மழையா, கரும்பு வெட்ட ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் வந்ததா, அப்புறம் கொஞ்ச நேரம் இரண்டு பேரும் மூச்சு விடுகிற சத்தம், சரிப்பா வைக்கிறேன். மூன்று நிமிஷத்தைத் தாண்டியதில்லை. அதற்குள் சொல்லக்கூடிய விஷயம் இல்லை இது. அந்தக் கார்டில் நீ கேட்டே ஆக வேண்டியது ஒன்று இருக்கிறது. கேட்ட பிறகு நீ என்னோடு பேசுவாயா, கல்யாணத்தில் நான் உன் பக்கத்தில் நிற்பதை விரும்புவாயா என்று எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்.

நீ பூனாவில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசம் கழித்துப் பொங்கலுக்கு வந்தபோது அந்த வீடியோ கேமராவைக் கொண்டுவந்தாய். கூட வேலை செய்கிறவன் புதுசு வாங்கிக்கொண்டு பழையதை உனக்குக் கொடுத்தான் என்றாய். என் போனில் எடுத்தால் ஆகாதா என்று கேட்டதற்கு, உங்கள் போனில் காலை வணக்கம் படத்துக்கே இடம் போதவில்லை என்று கிண்டல் செய்தாய். வீட்டையும் கொல்லையையும் கரும்பையும் எடுத்து வையுங்கள், அங்கே உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறேன் என்றாய். ஊருக்குக் கிளம்புகிற அவசரத்தில், பையைத் தோளில் மாட்டிக்கொண்டே பத்து நிமிஷம் எனக்குச் சொல்லிக் கொடுத்தாய். நானும் தலையாட்டினேன். புரிந்த மாதிரி தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரன், வேளாண்மை அதிகாரிகள் கூட்டம் போட்டாலும் அப்படித்தான் ஆட்டிவிட்டு வருவேன். பெற்ற பிள்ளையிடம் இரண்டாம் தடவை கேட்க ஒரு கூச்சம்.

அதனால் கேமரா வந்ததும் நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். தெரியும் என்று தள்ளிவிடாதே. நீ கட்டப்போகிற பெண்ணுக்கும் படித்துக் காட்டு, எடுக்கப்போவது அவளாகக்கூட இருக்கலாம். பக்கவாட்டில் உள்ள சின்னத் திரையைத் திறந்தால் கேமரா தானாக ஆன் ஆகும். வலது கையைப் பட்டைக்குள் நுழைத்து இறுக்கிக்கொண்டால் கட்டைவிரல் ஒரு பட்டன் மேல் போய் உட்காரும். ஒரு தடவை அழுத்தினால் பதிவு ஆரம்பிக்கும், இன்னொரு தடவை அழுத்தினால் நிற்கும். ஆரம்பிக்க ஒன்று, நிறுத்த ஒன்று என்று தனித்தனியாகக் கிடையாது, இரண்டுக்கும் அந்த ஒரே பட்டன்தான். புதிதாகப் பிடிக்கிறவன் கவிழ்கிற இடம் இதுதான். ஏனென்றால் அழுத்தினாலும் அழுத்தாவிட்டாலும் திரையில் படம் தெரிந்துகொண்டே இருக்கும். படம் தெரிகிறதே என்று நம்பிவிடக் கூடாது. திரையின் மூலையைப் பார்க்க வேண்டும். பச்சையில் ஸ்டாண்ட்பை என்று இருந்தால் அது சும்மா பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கிறது. சிவப்பில் ரெக் என்று வந்து, பக்கத்தில் விநாடி ஓட ஆரம்பித்தால்தான் பதிவாகிறது. இதை நீ அன்றைக்கே சொல்லியிருப்பாய். நான் காதில் வாங்கவில்லை.

இனி அந்தப் பொங்கலுக்கு அடுத்து வந்த மாசிக்கு வருகிறேன். அம்மாவுக்குக் கால் வீங்கியது உனக்குத் தெரியும். சேலத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன் என்பதும் தெரியும். உப்பைக் குறைக்கச் சொன்னார்கள், வேறு ஒன்றுமில்லை என்று உன்னிடம் சொன்னேன். டாக்டர் சொன்னது அதுவல்ல. இரண்டு கிட்னியும் போய்விட்டது, இதயமும் பலவீனம், என்ன வைத்தியம் செய்தாலும் ரொம்ப நாள் தள்ளாது, பார்க்க வேண்டியவர்களை வரவழைத்துக்கொள்ளுங்கள் என்றார். அம்மா என் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள். திரும்ப ரயில் ஏறினோம். சின்னசேலத்தில் இறங்கிப் பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் வாயைத் திறந்தாள். கல்வராயன் மலைக்கு ஒரு தடவை போகணும் என்றாள். எனக்கு வாழ்க்கைப்பட்டு முப்பது வருஷம். கொல்லையில் நின்று நிமிர்ந்தால் மேற்கே அந்த மலைதான். ஒரு நாள்கூட அவளை நான் அங்கே கூட்டிப்போனதில்லை.

அடுத்த வாரம் கூட்டிப்போனேன். கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறி, கச்சிராயபாளையம் தாண்டி, மலை ஏறுகிற வளைவில் பஸ் திரும்பத் திரும்ப அம்மா முன் சீட்டுக் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அந்த நேரத்தில் எனக்கு வேடிக்கை காட்டத் தோன்றியது. மஞ்சள் பையிலிருந்து கேமராவை எடுத்தேன், திரையைத் திறந்தேன், கையைப் பட்டைக்குள் விட்டேன். பஸ் குலுங்கியதில் கட்டைவிரல் பட்டனை அமுக்கியிருக்கிறது. எனக்குத் தெரியாது. பதிவு அங்கேயே ஆரம்பித்துவிட்டது. அதற்கப்புறம் அன்றைக்கு முழுக்க எல்லாம் தலைகீழ்.

கரியாலூரில் இறங்கி அவளை ஐந்து இடத்தில் நிற்க வைத்தேன். படகு விடுகிற இடத்தில், ஒரு பலாமரத்தடியில், சாமை அரிசியும் கடுக்காயும் விற்கிற கடை வாசலில், அருவிக்குப் பக்கத்துப் பாறையில், திரும்ப பஸ் ஏறுகிற இடத்தில். ஒவ்வொரு இடத்திலும் அழுத்தி ஆரம்பித்தேன், அழுத்தி நிறுத்தினேன். உண்மையில் நடந்தது வேறு. அவளைக் குறிபார்த்து அழுத்தியபோதெல்லாம் நிறுத்தினேன். முடிந்தது என்று அழுத்திக் கேமராவைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடந்தபோதெல்லாம் அது பதிவு செய்துகொண்டிருந்தது. உனக்குத்தான் தெரியுமே, கல்யாண வீடுகளில் வீடியோ லைட் இவள் பக்கம் திரும்பினால் உடனே முந்தானை வாய்க்கு வந்துவிடும். முன்பல் உடைந்ததிலிருந்து அப்படி. ரேஷன் கார்டுப் படத்தில்கூட உதட்டை இறுக்கிக்கொண்டுதான் இருக்கிறாள். அன்றைக்கு அருவிக்குப் பக்கத்தில் சாரல் தெறித்து முகமெல்லாம் நனைந்து, துடைக்கவும் தோன்றாமல், வாயை மூடாமல் சிரித்தாள். திரையில் பார்த்தேன். நன்றாக, பெரிதாக, நடுவில் தெரிந்தாள். நீ கேட்கிற பத்து விநாடி அதுதான். பச்சை எழுத்தில் போய்விட்டது.

அதற்கு நாற்பதாம் நாள் அம்மா போய்விட்டாள். கடைசி நாள் காலையில்தான் உனக்குப் போன் செய்தேன். நீ வந்து சேர்ந்தபோது அடுத்த நாள் மத்தியானம். சின்னசேலம் ஸ்டேஷனிலிருந்து பைக்கில் உன்னைக் கூட்டிவந்தவன் வழியிலேயே சொல்லிவிட்டான் போலிருக்கிறது. நீ அழாமல் வந்து நின்றாய். இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று எல்லோர் முன்னாலும் என்னைக் கேட்டாய். சொல்லக் கூடாது என்று உங்கம்மாதான் சத்தியம் வாங்கிவிட்டாள் என்றேன். யோசித்துச் சொன்னதில்லை. வாயில் வந்தது. சுற்றியிருந்த பெண்கள், பிள்ளை வேலைக்குக் கெடுதல் வரக் கூடாதென்று பார்த்திருக்கிறாள் மகராசி என்று இன்னும் சத்தமாக அழுதார்கள். அப்புறம் அந்தப் பொய்யைத் திரும்ப எடுக்க எனக்கு வழி தெரியவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தல் பிரிக்கும்போது நீ மாட்டுக்கொட்டகைப் பக்கம் நின்று உன் சித்தப்பாவிடம் பேசியது என் காதில் விழுந்தது. “எங்கம்மா ஒரே ஒரு தடவ கூப்ட்டிருந்தா ஓடியாந்திருப்பன் சித்தப்பா. நான் வேணாம்னு ஆயிட்டனா அவங்களுக்கு?” என்றாய். நான் ஆறடி தள்ளி நின்றேன். அப்போதே வந்து சொல்லியிருக்க வேண்டும். வாழைமரத்தை அவிழ்க்கிற சாக்கில் அந்தப் பக்கம் போய்விட்டேன்.

நீ பூனாவுக்குத் திரும்பிய பிறகுதான் கேமராவை எடுத்து டிவியில் மாட்டினேன். அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. வந்தது எல்லாம் தரை. கல், புல், என் செருப்பு, அவள் செருப்பு, புடவைக் கரை, மஞ்சள் பையின் உள்பக்கம். ஐம்பத்திரண்டு நிமிஷம் இதுதான். கேமராதான் கோளாறு என்று நினைத்துக் கள்ளக்குறிச்சியில் ஸ்டுடியோ வைத்திருக்கிற ஜாபர் பாயிடம் எடுத்துக்கொண்டு போனேன். உன் ஹால் டிக்கெட்டுக்குப் படம் எடுத்தவர். அவர் கம்ப்யூட்டரில் போட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கேமராவுக்கு ஒன்றுமில்லை, நீங்கள் ஆன் என்று நினைத்ததெல்லாம் ஆஃப், ஆஃப் என்று நினைத்ததெல்லாம் ஆன், புதுசா பிடிக்கிறவங்க பத்துப் பேர்ல நாலு பேர் இதைத்தான் செய்வாங்க என்றார். சொல்லிக்கொண்டே ஓட விட்டார். அருவிப் பக்கம் வந்தது. திரையில் ஈரப் பாறையும் நான்கு கால்களும். பேச்சுச் சத்தம் மட்டும் தெளிவாக வந்தது. நான் பேசியதையும் அவள் பேசியதையும் அவரும் கேட்டார். சத்தத்தை மெல்லக் குறைத்தார். “அண்ணே, இத உங்க பையன் கேட்டுட்டாரா?” என்றார். இல்லை பாய் என்றேன். “அப்ப நான் கேட்டது தப்புண்ணே” என்று சொல்லிவிட்டு எழுந்து போய் எனக்கு டீ சொன்னார்.

முப்பத்தோராவது நிமிஷத்தில் அது வருகிறது. அம்மா சிரித்து முடித்துப் பாறையை விட்டு இறங்கி வருகிறாள். மூச்சு வாங்குகிற சத்தம் கேட்கும். அப்புறம் அவள் பேசுவது.

“இன்னாங்க, தம்பிக்கு ஒரு போன் போடுங்க. டாக்டர் சொன்னத சொல்லுங்க. நாலு நாளு வந்து என்கூட இருந்துட்டுப் போவட்டும். பாத்துக்கினே இருக்கணும் போல கீது.”

“அவனுக்கு வேல இன்னும் பர்மனென்ட் ஆவல. இப்ப லீவு கேட்டா வூட்டுக்கு அனுப்பிடுவான்.”

“கேட்டுத்தான் பாக்கட்டுமே.”

“ஏன், நான் ஒருத்தன் கூட இருக்கறது உனக்குப் போதலியா?”

அதற்கப்புறம் அருவிச் சத்தம். நீளமாக வரும். நின்றுவிட்டது என்று நினைத்து மூடிவிடாதே, காத்திரு. அப்புறம் அவள் சொல்வாள். “போதும். வாங்க, பஸ்ஸு வந்துடும்.”

வேலை போய்விடும் என்று நான் சொன்னது பாதிதான் நிஜம். மீதி என் பொறாமை. ஆமாம், பொறாமைதான், வேறு பெயர் வைக்கத் தெரியவில்லை. சேலத்துக்குக் கூட்டிப்போனவன் நான், கால் பிடித்து விடுகிறவன் நான், ஆசைப்பட்டாள் என்று மலைக்குக் கூட்டிவந்தவன் நான். அவளுக்கு அப்போதும் நீதான் வேண்டியிருந்தது. அந்த ஆத்திரத்தில் கேட்டேன். அவள் போதும் என்று சொன்னதை அன்றைக்கு நான் நல்லபடியாக எடுத்துக்கொண்டேன். சந்தோஷம்கூடப் பட்டேன். பாயின் கடையில் உட்கார்ந்து கேட்டபோதுதான் அந்தக் குரல் எப்படி இருந்தது என்று தெரிந்தது. அதற்கப்புறம் இருந்த நாற்பது நாளில் ஒரு தடவைகூட அவள் உன்னை வரச் சொல்லிக் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போதெல்லாம் நல்லா கீறேன் கண்ணு என்று சொன்னாளே, அப்போது போன் என் கையில்தான் இருந்தது, ஸ்பீக்கரில். அவனைக் கலங்கடிக்காதே என்று முன்னாலேயே சொல்லி வைத்திருந்தேன். அவளுக்கென்று தனியாக ஒரு போன் வாங்கிக் கொடுக்க எனக்குத் தோன்றியதே இல்லை.

பாய் கொடுத்த வேறொரு கார்டைப் போட்டு ஒரு வருஷமாக அந்தக் கேமராவைக் கற்றுக்கொண்டேன். எதற்கு என்று கேட்காதே. மலைக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்னால் கற்றிருந்தால் அவள் முகம் மிஞ்சியிருக்கும் என்ற எண்ணம் விடவில்லை. வியாழக்கிழமை தோறும் பாய் கடைக்குப் போவேன். ஆள் இல்லாத நேரத்தில் சொல்லித் தருவார், அடுத்த வியாழன் வரை வீட்டில் செய்து பார்ப்பேன். எடுப்பதற்குத்தான் ஆள் கிடையாது. நாற்காலியைக் கூடத்தில் போட்டு அதன்மேல் குடத்தைக் கவிழ்த்து வைத்து, அதுதான் முகம் என்று வைத்துக்கொண்டு எடுப்பேன். பக்கத்து வீட்டுக்காரன் எட்டிப் பார்த்து, குடத்துக்குப் பொண்ணு பாக்கிறியா மாமா என்று கேட்டான். நானும் சிரித்தேன். அவன் போன பிறகு குடத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன், மறுநாள் திரும்பவும் கொண்டுவந்து வைத்தேன்.

கற்றதைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குள் டியூப்லைட்டில் எடுத்தால் சுவரெல்லாம் பச்சை பூத்துத் தெரியும். மெனுவில் வொயிட் பேலன்ஸ் என்று இருக்கும், அதைத் திறந்து வெள்ளையாக ஏதாவது ஒன்றைக் காட்டி, இதுதான் வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்ல வேண்டும். நான் என் வேட்டியைக் காட்டினேன், வெளுத்த வேட்டியாக இருக்க வேண்டும். டியூப்லைட் அலை அலையாகத் துடித்தால் ஷட்டரை ஐம்பதில் வை, நம் ஊர் கரண்டுக்கு அதுதான் கணக்கு. மண்டபத்து எல்இடி திரைக்கு ஐம்பதிலும் கோடு விழலாம், திரை ஓடும்போது முன்னாலேயே எடுத்துப் பார்த்து, கோடு மறைகிற வரைக்கும் ஒவ்வொரு படியாக மாற்று. வாசலுக்கு முதுகு காட்டி ஆளை நிற்க வைக்காதே, முகம் இருண்டுவிடும். இங்கே அம்மா எப்போதும் வாசல் நிலையில் சாய்ந்துதான் நிற்பாள், அவளை எடுத்திருந்தால் அந்தத் தப்பையும் செய்திருப்பேன். கரும்புச் சோகைக்கு நடுவில் ஆள் நின்றால் கேமராவுக்கு எதைப் பார்ப்பது என்று தெரியாமல் தெளிந்து கலங்கித் தவிக்கும், அப்போது ஃபோகஸை ஆட்டோவிலிருந்து எடுத்து நீயே திரையில் முகத்தைத் தொட்டுக் காட்டு. ஜூம் போடுகிற ஆசை எல்லோருக்கும் வரும். கிட்டத்தில் போகக் கால் இருக்கும்போது ஜூம் வேண்டாம், கையாட்டம் பெரிதாகத் தெரியும். ஸ்டாண்ட் இல்லாத இடத்தில் இரண்டு முழங்கையையும் விலாவோடு ஒட்டி வைத்து, மரத்திலோ சுவரிலோ சாய்ந்துகொள். அழுத்தியதும் சிவப்பைப் பார்த்துவிட்டு மனசுக்குள் பத்து எண்ணு, அதுவரை அசையாதே. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டுவது பார்க்கிறவனுக்குத் தலைசுற்றல்தான்.

சத்தத்தைப் பற்றி ஒன்று. கேமராவில் இருக்கிற மைக்குக்கு மிகப் பக்கத்தில் இருப்பது எடுக்கிறவன் வாய். எதிரே நிற்கிறவர் பேசுவது மெல்லியதாக விழும், எடுக்கிறவன் அதட்டுவது பெரிதாக விழும். அந்த ஐம்பத்திரண்டு நிமிஷத்தில் என் குரல்தான் ஜாஸ்தி. இங்கே நில்லு, அங்கே பாக்காதே, முந்தானையை எடு, சீக்கிரம் வா, மூச்சு வாங்குதுன்னா உக்காந்துட்டு வாயேன், அதுக்கு ஏன் முகத்தை அப்படி வச்சுக்கிறே. முப்பது வருஷம் இப்படித்தான் பேசியிருக்கிறேன் போலிருக்கிறது. எனக்கு அது அதட்டலாகவே தெரிந்ததில்லை, அக்கறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீ எடுக்கும்போது வாயை மூடிக்கொள். எடுக்காதபோதும் கொஞ்சம் கம்மியாகப் பேசு, அவள் பேசுவது உன் காதில் விழும்.

ஒருநாள் ஸ்டாண்டில் மாட்டி என்னையே எடுத்துப் பார்த்தேன். உனக்கு எல்லாவற்றையும் வீடியோவிலேயே சொல்லி அனுப்பிவிடலாம் என்று. பட்டனை அழுத்தி, சிவப்பைப் பார்த்துவிட்டு, வேகமாகப் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். தம்பி என்று ஆரம்பித்தேன். அதற்குமேல் வரவில்லை. நாலு நிமிஷம் ஒரு கிழவன் கண்ணைக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், பின்னால் எங்கேயோ ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகிற டிராக்டரில் பாட்டு. அதை அழித்துவிட்டேன். இந்த வீட்டில் பேசுகிற சத்தம் கேட்டு ரொம்ப நாளாகிறது. எனக்கு யாரும் இல்லை, தம்பி. இருந்தவளையும் பேச விடாமல் வைத்திருந்தேன், இருக்கிற உன்னையும் அவளிடமிருந்து பிரித்து வைத்தேன்.

அழிப்பதைப் பற்றிச் சொன்னேன் அல்லவா. அந்த முப்பத்தோராவது நிமிஷத்தையும் அழிக்கப் போனேன். ஒருமுறை இல்லை, இரண்டு மூன்று தடவை. அழிக்கலாமா, ஆமாம், இல்லை என்று திரையில் கேட்கும். ஆமாம் மேல் விரல் வைத்துவிட்டு எடுத்துவிடுவேன். கடைசியில் கார்டை வெளியே எடுத்து, அதன் பக்கவாட்டில் நகத்தால் தள்ளுகிற மாதிரி ஒரு சின்னக் கட்டை இருக்கிறது பார், அதைக் கீழே தள்ளிப் பூட்டிவிட்டேன். பூட்டினால் போட்டுப் பார்க்கலாம், கேட்கலாம், எதையும் அழிக்க முடியாது. நீயும் அதை மேலே தள்ளிவிடாதே. முதலில் கம்ப்யூட்டரில் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்.

இவ்வளவு நாள் மறைத்தவன் இப்போது ஏன் சொல்கிறான் என்று கேட்பாய். கல்யாணத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டில் பூவாடைக்காரிக்குப் படைக்க வேண்டும். பூவும் பொட்டுமாகப் போய்ச் சேர்ந்தவளைக் கிணற்றடியிலிருந்து பம்பை அடித்து வீட்டுக்கு அழைத்துவந்து, புதுப்புடவையும் வளையலும் வைத்துப் படைத்து, பிள்ளைக்குக் கல்யாணம், உத்தரவு கொடு தாயே என்று கேட்டால்தான் மேற்கொண்டு பந்தக்கால் நடுவோம். சின்ன வயசில் நீ பார்த்தது எங்கள் பெரியம்மாவுக்குப் படைத்தது. இந்த முறை பூவாடைக்காரி உங்கம்மா. சங்கராபுரத்துக்குப் போய் அவளுக்குப் புடவை எடுத்துவந்துவிட்டேன், அரக்குக் கரை போட்டது. அதை மஞ்சள் தடவி அவள் முன்னால் வைத்து, வா என்று அழைக்க வேண்டியவன் நான். அவள் உன்னை ஒரு தடவை வரவழைக்கச் சொல்லிக் கேட்டபோது மாட்டேன் என்றவன் எந்த வாயால் அவளை அழைப்பது? அழைத்தால்தான் அவள் வருவாளா?

அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் நீ இதைக் கேட்டுவிட வேண்டும். கேட்ட பிறகு, புடவையை நீ வைக்கிறாயா, நான் வைக்கட்டுமா என்று நீதான் சொல்ல வேண்டும். நான் ஓரமாக நிற்க வேண்டும் என்றால் நிற்கிறேன். வரவே வேண்டாம் என்றாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன், கோபப்படுகிற யோக்கியதை எனக்கு இல்லை. மண்டபத்துத் திரைக்குக் கொடுக்க என்னிடம் அவள் முகம் இல்லை. இருபத்தொன்பதாவது நிமிஷத்தில், நான் மறுபடி அழுத்தி நிறுத்துவதற்கு முன்னால், அவள் சிரிக்க ஆரம்பிக்கிற சத்தம் மட்டும் வருகிறது. அதை என்ன செய்வதென்று உன் இஷ்டம்.

கார்டைத் தனியாக இருக்கும்போது போடு. காதில் ஹெட்போன் மாட்டிக்கொள், அவள் குரல் சின்னது. பேச மனசு வராவிட்டால் பேச வேண்டாம். கேட்டு முடித்ததும் ஒரு மிஸ்டு கால் மட்டும் கொடு, நான் எடுக்க மாட்டேன். உங்கம்மா உன்னைக் கூப்பிட்டாள், தம்பி. அது உன் காதில் விழுந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தால் போதும்.

அப்பா